அரத்துக்கு இடம் கொடுத்த எஃகு

ஓய்வு பெற்ற பிறகு ஓர் இலையுதிர்காலத்தை அமெரிக்காவில், பிலடெல்பியா நகருக்கு அருகில் உள்ள என் மகளின் வீட்டில் கழித்தேன். ஒரு நாள் இரவு வீசிய பலத்த காற்றில் கொல்லைப்புறத்து மேப்பிள் மரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. மறுநாள் காலை என் மருமகன், மின்கலத்தில் இயங்கும் சங்கிலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு அதை அறுக்கத் தொடங்கினார். சிறிது நேரம் ஒழுங்காக ஓடிய ரம்பம், கிளை மண்ணைத் தொட்ட இடத்தில் ஒருமுறை தரையில் உரசியது. அதன் பிறகு அது மரத்தை அறுக்கவில்லை, தேய்த்தது. சீவல்களாக விழுந்துகொண்டிருந்தது மாவாகக் கொட்டியது. புகை நாற்றமும் வந்தது.

சங்கிலி மழுங்கிவிட்டது என்று சொல்லி, கைப்பேசியில் புதிய சங்கிலி ஒன்றை வரவழைக்க அவர் முற்பட்டார். வேலிக்கு அப்பால் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முதியவர், தச்சு வேலையில் வாழ்நாளைக் கழித்தவர், கையில் ஓர் உருண்டை அரத்துடன் வந்தார். மின்கலத்தைக் கழற்றிவைக்கச் சொன்னார். கையுறை அணிந்துகொண்டு, ரம்பத்தின் சட்டத்தை ஒரு மரக்கட்டையின் மீது அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு பல்லாக அரத்தால் தீட்டினார். இருபது நிமிடங்களில் வேலை முடிந்தது. ரம்பம் மீண்டும் சீவல்களை வாரி இறைத்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. தேய்மானம் என்ற கருத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் விளக்கியவன் நான். கருவியின் மதிப்பு ஆண்டுதோறும் எவ்வளவு குறைகிறது என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தக் குறைவை ஒரு மனிதன் இருபது நிமிடக் கைவேலையால் திருப்பிப் பெற முடியும் என்பதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்த சில நாள்களில் அந்தப் பெரியவரிடம் நான் மாணவனானேன். கற்றுக்கொண்டது அதிகமில்லை, ஆனால் பிசகக்கூடாதது. சங்கிலியின் பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம் என மாறி மாறி அமைந்திருக்கும். ஒவ்வொரு பல்லின் உள்வளைவும் உருண்டை அரத்துக்கென்றே வளைந்தது. சிறிய ரம்பங்களின் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் பருமனுள்ள அரம்; பெரியவற்றுக்கு 4.8 அல்லது 5.5 மில்லிமீட்டர். அரத்தின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பெரும்பாலான சங்கிலிகளில் பல்லின் மேல்தகட்டுக்கு 30 பாகைச் சாய்வு. பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளும்போது மட்டுமே அரம் அறுக்கும். இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டும் மறுபக்கத்தவை குறுகியும் இருந்தால் ரம்பம் நேராகப் போகாது, வளைந்து போகும்.

பல்லுக்கு முன்னே ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லின் முனையைவிட அது 0.65 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருப்பது வழக்கம். பல் தேயத் தேய இந்த மேட்டையும் தட்டை அரத்தால் அளவோடு தாழ்த்த வேண்டும். அவசரப்பட்டு அதிகமாகத் தாழ்த்திவிட்டால் பல் மரத்தை அளவுக்கு மீறிக் கவ்வும். ரம்பம் அறுப்பவரை நோக்கி எகிறும். அதில் உயிரே போகலாம். கைவேலையின் ஒழுக்கம் என்பது அலங்காரச் சொல் அல்ல என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. அரம் எஃகு, பல்லும் எஃகு. ஓர் எஃகு மற்றோர் எஃகை எப்படித் தேய்க்கிறது? பல்லின் எஃகு அரத்தின் எஃகைவிடச் சற்று மென்மையாகப் பதப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதே விடை. மரத்தை அறுக்கும் அளவுக்குக் கடினம். அரத்துக்கு இணங்கும் அளவுக்கு மென்மை. இந்த நடுநிலை தானாக அமைவதில்லை, கருவியைச் செய்பவர் எடுக்கும் முடிவு அது. கருவி மழுங்கும்போது அதை வாங்கியவனே கூர்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி எடுக்கப்படும் முடிவு.

இதை நான் பெரியவரிடம் சொன்னபோது, அவர் தம் பட்டறைச் சுவரில் தொங்கிய ஒரு பழைய கைரம்பத்தை எடுத்துக் கொடுத்தார். ஆப்பிள் மரக் கைப்பிடி. அதில் பதித்த பித்தளை வில்லையில் ஒரு பெயர்: ஹென்றி டிஸ்டன். பலமுறை அரம் போட்டுப் போட்டு அந்த ரம்பத்தின் தகடு அகலம் குறைந்திருந்தது. ஆனால் பற்கள் விரலில் பட்டால் கிழிக்கும் கூர்மையுடன் இருந்தன. நாங்கள் நின்றிருந்த இடத்திலிருந்து சிறிது தொலைவில், டெலவேர் ஆற்றங்கரையில், அந்த மனிதர் எழுப்பிய ரம்ப நகரம் இருந்தது என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிலிருந்து அந்த வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

ஹென்றி டிஸ்டன் 1819ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் டியூக்ஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை லேஸ் பின்னும் இயந்திரங்களில் தேர்ந்தவர். புதிய நாட்டில் புதிய வாழ்வு தேடி, 1833இல் மகனையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு பிலடெல்பியாவுக்குக் கப்பலேறினார். கரையிறங்கிய மூன்றாம் நாள் தந்தை இறந்துபோனார். பதினான்கு வயதுச் சிறுவன், அறியாத ஊரில், சகோதரியுடன் தனித்து நின்றான்.

அந்தச் சிறுவன் ரம்பம் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தான். அக்காலத்து அமெரிக்காவில் ரம்பம் செய்வது நம்பிக்கைக்குரிய தொழில் அல்ல. நல்ல ரம்பம் என்றால் அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வர வேண்டும் என்பது தச்சர்களின் உறுதியான எண்ணம். நல்ல எஃகும் அங்கிருந்துதான் வந்தது. உள்ளூர்ப் பட்டறைகள், ஷெஃபீல்டின் எஃகை வாங்கி, ஷெஃபீல்டின் ரம்பங்களோடு போட்டியிட வேண்டிய நிலை. மூலப்பொருளை விற்பவனே போட்டியாளனாகவும் இருக்கும் சந்தையில் சிறு உற்பத்தியாளன் நிலைப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் அறிவார்கள்.

டிஸ்டன் பணிபுரிந்த பட்டறையும் நிலைக்கவில்லை. 1840இல் அது நொடித்துப்போனது. அவருக்குச் சேர வேண்டிய கூலியைப் பணமாகக் கொடுக்க முதலாளியிடம் வழியில்லை. கருவிகளாகவும் பொருள்களாகவும் கொடுத்தார். கையிருப்பையும் சேர்த்து அவரிடம் இருந்த முதல் 350 டாலர். அதைக் கொண்டு ஒரு கட்டடத்தின் நிலவறையில், இருபத்தொரு வயதில், அவர் சொந்தமாக ரம்பம் செய்யத் தொடங்கினார். உலைக்கான நிலக்கரியை ஆற்றுத்துறையிலிருந்து ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தாமே தள்ளிவந்தார். தாமே அடித்தார், தாமே பதப்படுத்தினார், தாமே பல் வெட்டினார், தாமே கடை கடையாகச் சென்று விற்றார்.

தொடக்க ஆண்டுகள் கசப்பானவை. முதல் மனைவி விரைவிலேயே மறைந்தார். கடைக்காரர்கள் அமெரிக்கப் பெயர் பொறித்த ரம்பத்தை வாங்கத் தயங்கினார்கள். 1843இல் மீண்டும் மணம் புரிந்து குடும்பம் கண்டார். தொழில் மெல்ல நிமிர்ந்த நேரத்தில், 1849இல், கொதிகலன் வெடித்து அவருடைய பட்டறை சிதைந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. அருகிலேயே மீண்டும் கட்டினார், இம்முறை இன்னும் பெரிதாக.

அவர் வாழ்வின் திருப்புமுனை 1855. எஃகுக்கு ஷெஃபீல்டைச் சார்ந்திருக்கும் வரை தமக்கு விடுதலை இல்லை என்று உணர்ந்த அவர், அந்த ஆண்டு தம்முடைய வளாகத்திலேயே எஃகு உருக்கும் உலையை நிறுவினார். மண்மூசைகளில் உருக்கும் ஷெஃபீல்டு முறையைப் பின்பற்றினார். அந்தக் கலை தெரிந்த ஆங்கிலேயத் தொழிலாளர்களைப் பணியில் அமர்த்தினார். ரம்பத்துக்கு வேண்டிய எஃகை அமெரிக்காவிலேயே, ரம்பம் செய்பவரே உருக்கியது பெரிய துணிச்சல். தமக்கு எந்தப் பதத்தில் எஃகு வேண்டும் என்பதைப் பிறர் கையில் விடாமல் தாமே தீர்மானிக்கும் உரிமையை அவர் அதன் மூலம் பெற்றார்.

1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்க அரசு இறக்குமதித் தீர்வைகளை உயர்த்தியது. ஷெஃபீல்டின் பொருள்கள் விலையேறின. சொந்த எஃகு வைத்திருந்த டிஸ்டனுக்கு இது காற்று திசை மாறி வீசியதைப் போன்றது. போர்க்காலத்தில் அவருடைய உலைகள் கவசத் தகடுகளும் போர்க் கருவிகளும் செய்தன. மூத்த மகன் ஹாமில்டன் தொழிலுக்குள் வந்தார். 1865இல் நிறுவனத்தின் பெயரில் மகனும் இடம்பெற்றார்.

நான் சொல்ல வந்த செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. ரம்பத்தில் வெற்றி கண்ட டிஸ்டன், போர் முடிந்த ஆண்டுகளில் அரம் செய்யத் தொடங்கினார். ரம்பத் தொழிற்சாலையில் பல்லுக்குக் கூர் வைக்க நாள்தோறும் ஏராளமான அரங்கள் தேவைப்பட்டன. அந்தத் தேவைக்கென்று தொடங்கிய பிரிவு பிறகு வெளியாருக்கும் விற்றது. அவருடைய தொழிற்சாலையின் முழுப்பெயரிலேயே ரம்பம், கருவி, எஃகு, அரம் என்ற நான்கு சொற்களும் இருந்தன. பின்னாளில் அவருடைய நிறுவனம், ரம்பத்தை எப்படித் தீட்டுவது, பற்களை எப்படிச் சாய்ப்பது என்று விளக்கும் சிறு கையேடுகளையும் வெளியிட்டது.

சற்று நின்று இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். ரம்பம் விற்பவர் ஒருவர், அந்த ரம்பத்தை மீண்டும் மீண்டும் கூராக்கும் அரத்தையும் விற்கிறார். அதற்கான முறையையும் கற்பிக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் செயல். ரம்பம் எவ்வளவு காலம் உழைக்கிறதோ அவ்வளவு காலம் அடுத்த ரம்பம் விற்காது அல்லவா?

டிஸ்டனின் காலத்துத் தச்சர் அப்படி எண்ணவில்லை. அவருக்கு ரம்பம் என்பது பல நாள் கூலியைக் கொடுத்து வாங்கும் சொத்து. மழுங்கினால் கூராக்க முடியாத ரம்பத்தை அவர் எந்த விலைக்கும் வாங்கமாட்டார். எனவே அரத்துக்கு இணங்குவதும் ரம்பத்தின் தரத்தில் ஒரு பகுதியாக இருந்தது. வாங்குபவனின் கைத்திறனை நம்பி விற்கப்பட்ட பொருள் அது.

அந்தக் கைத்திறனின் அழகைக் கைரம்பத்தில் நன்றாகவே பார்க்கலாம். அதற்குரியது முக்கோண அரம். அதன் ஒவ்வொரு மூலையும் 60 பாகை. இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள பள்ளமும் 60 பாகை. அரத்தை ஒருமுறை தள்ளினால் ஒரு பல்லின் முன்புறமும் அடுத்த பல்லின் பின்புறமும் ஒரே நேரத்தில் தீட்டப்படுகின்றன. முதலில் தட்டை அரத்தை எல்லாப் பற்களின் உச்சியிலும் ஓட்டிச் சமமாக்க வேண்டும். பிறகு பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சிறிதளவு சாய்க்க வேண்டும். அப்போதுதான் அறுப்பு வாய் தகட்டைவிட அகலமாகி, ரம்பம் மரத்தில் சிக்காமல் ஓடும். பிறகு அரம். மரத்தை நார்ப்போக்கில் பிளக்கும் ரம்பத்துக்கு அரத்தை நேராகப் பிடிக்க வேண்டும்; குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இடம் வலம் மாறும் பற்கள், சமமான உயரம், ஒரே சாய்வு, ஒரே எண்ணிக்கை. சங்கிலி ரம்பத்துக்குப் பெரியவர் எனக்குச் சொன்ன விதிகள் எல்லாம் இந்தப் பழைய விதிகளின் வாரிசுகளே.

டிஸ்டனின் தொழில் வளர்ந்தது. பிலடெல்பியாவின் நெருக்கடியான நகர்ப்பகுதி போதவில்லை. 1872இல் நகரின் வடகிழக்கே, டெலவேர் ஆற்றங்கரையில், டக்கோனி என்ற இடத்தில் பரந்த நிலத்தை வாங்கினார். தொழிற்சாலையை மட்டும் அங்கு கொண்டுசெல்ல அவர் எண்ணவில்லை. தொழிலாளர்கள் வீடு கட்டி வாழும் ஓர் ஊரையே திட்டமிட்டார். அவர்கள் சொந்த வீடு பெறக் கடன் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அகன்ற தெருக்கள், மரங்கள், வீட்டைச் சுற்றி இடம். அக்காலத் தொழில் நகரங்களின் சேரிகளோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம். 1874இல் அவருடைய நிறுவனம் முதுகை வளைத்து எடை குறைத்த கைரம்பத்தை அறிமுகம் செய்தது. அந்த வடிவம் உலகெங்கும் தச்சர்களின் கையில் பரவியது. 1876இல் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி பிலடெல்பியாவிலேயே நடந்தபோது அவருடைய ரம்பங்கள் பெருமையுடன் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஷெஃபீல்டின் ரம்பத்தை அமெரிக்கத் தச்சர் கேட்டு வாங்கிய காலம் முடிந்துவிட்டது.

1878ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் அவர் காலமானார். வயது 58. டக்கோனி முழுமை பெறுவதை அவர் காணவில்லை. தொழிற்சாலை முழுவதும் அங்கு இடம்பெயர மேலும் பல ஆண்டுகள் ஆயின. மக்கள் பொறுப்பேற்று நடத்திய அந்த நிறுவனம் உலகின் மிகப்பெரிய ரம்பத் தொழிற்சாலை என்று பெயர் பெற்றது.

இந்த வாழ்க்கையை நான் குறையே இல்லாத காவியமாகச் சொல்ல விரும்பவில்லை. டக்கோனியின் மனைப் பத்திரங்களில் மதுக்கடை கூடாது, இறைச்சிக் கொட்டில் கூடாது என்று நிபந்தனைகள் இருந்தன. நல்லெண்ணமே காரணமாக இருக்கலாம்; ஆனால் சம்பளம் கொடுப்பவரே வாழ்முறையையும் வகுத்த ஊர் அது. தீர்வைச் சுவரின் நிழல் இல்லாமல் அவர் அவ்வளவு விரைவாக வளர்ந்திருப்பாரா என்பதும் நியாயமான கேள்வி. இன்னொன்றும் உண்டு. கூரான ரம்பங்கள் எங்கே சென்றன? பென்சில்வேனியாவின் பைன் காடுகளும் ஹெம்லாக் காடுகளும் அந்த நூற்றாண்டில்தான் மொட்டையடிக்கப்பட்டன. கருவியைப் பேணத் தெரிந்த தலைமுறைக்குக் காட்டைப் பேணத் தெரியவில்லை. அரத்தின் புகழைப் பாடும்போது இதையும் நான் மறைக்கக்கூடாது.

டிஸ்டன் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் உலகப் போரின்போது, அவருடைய பெயர் தாங்கிய நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக இருவர் பிடித்து இயக்கும் பெட்ரோல் சங்கிலி ரம்பங்களைச் செய்தது. ஆனால் அந்நாளைய சங்கிலியின் பற்கள் பழைய ரம்பப் பற்களின் சாயலில் அமைந்தவை. விரைவில் மழுங்கின, தீட்டவும் நெடுநேரம் பிடித்தது. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் வாழ்ந்த ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, வண்டின் புழு ஒன்று மரத்தை நார்ப்போக்கிலும் குறுக்கிலும் எளிதாகக் குடைவதைக் கண்டார். அதன் தாடை வளைவைப் பின்பற்றி எஃகில் பல் செய்து, 1947இல் புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். என் மருமகனின் ரம்பத்தில் ஓடுவது அந்தப் பல்லின் வழிவந்ததுதான். அந்த வளைவுக்குள் உருண்டை அரம் இயல்பாகப் பொருந்துகிறது. டிஸ்டனின் எஃகு அரத்துக்கு இடம் கொடுத்தது என்றால், காக்ஸின் பல் வடிவத்தாலும் இடம் கொடுத்தது.

டிஸ்டன் குடும்பத்தின் நிறுவனமோ 1955இல் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மின்சாரக் கருவிகள் கைரம்பத்தை ஓரங்கட்டியிருந்தன. இன்று கடையில் கிடைக்கும் கைரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பற்கள், மின் அதிர்வால் நொடிப்பொழுதில் சூடாக்கிக் கடினமாக்கப்பட்டவை. அவை நீண்ட நாள் கூர் மாறாமல் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் மழுங்கிய பிறகு அரம் அவற்றின் மீது வழுக்கிச் செல்லும். மழுங்குவது பல்லல்ல, அரம்தான். ரம்பத்தைக் குப்பையில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கைப்பிடியும் தகடும் குறைவற்றுக் கிடக்க, பல் மட்டும் போனதற்காக முழுக் கருவியும் போகிறது.

என் துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் எதிர்வாதம் வைத்தார். அதை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு மணி நேரம் உழைத்து ஈட்டும் தொகையில் இரண்டு ரம்பங்கள் வாங்க முடியும் என்றால், அந்த ஒரு மணி நேரத்தை அரத்தோடு கழிப்பது வீண் அல்லவா? அவரவர் தமக்குத் தெரிந்த தொழிலைச் செய்து, மற்றதை விலைக்கு வாங்குவதுதானே உழைப்புப் பகிர்வின் பயன்? இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்து வரும் பாடம் அது. நானும் கற்பித்தேன்.

ஆனால் அந்தக் கணக்கில் மூன்று இனங்கள் விடுபடுகின்றன. முதலாவது, தூக்கியெறிந்த எஃகு. அதை வெட்டியெடுத்ததற்கும் உருக்கியதற்கும் மண் கொடுத்த விலை ரம்பத்தின் விலைச்சீட்டில் இல்லை. இரண்டாவது, நம் அளவுகோல். புதிய ரம்பம் வாங்கினால் நாட்டின் வருமானக் கணக்கில் அது ஏறும். பழைய ரம்பத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீட்டினால் ஏறாது. வீட்டார் தமக்கெனத் தாமே செய்துகொள்ளும் பணிகளைத் தேசிய வருமானக் கணக்கு சேர்ப்பதில்லை. எனவே பேணுதல் கணக்கில் தெரியாமலே போகிறது. தெரியாதது மெல்ல மறக்கவும்படுகிறது.

மூன்றாவது, என் எண்ணத்தில் முதன்மையானது. கூராக்கத் தெரிந்தவன் கருவியின் நிலையைத் தொடர்ந்து கவனிக்கிறான். சீவல் எப்போது மாவாக மாறுகிறது என்று பார்க்கிறான். சங்கிலியைத் தரையில் படவிடுவதில்லை. எந்தப் பல் சேதமடைந்தது, ஏன் என்று அவனுக்குத் தெரியும். மழுங்கிய ரம்பத்தை அழுத்தி அழுத்தி ஓட்டுபவனுக்குத்தான் விபத்து நேர்கிறது. அரம் பிடிக்கும் இருபது நிமிடமும், அறுக்கும்போது வேண்டிய கவனத்துக்கு ஒரு பயிற்சி. உழைப்பைப் பகிர்ந்து கொடுக்கலாம். இந்தக் கவனத்தை விலைக்கு வாங்க முடியுமா?

உட்பகை கொண்ட குடி தேய்வதற்கு, அரத்தால் தேயும் இரும்பை வள்ளுவர் உவமையாக்கினார். அரம் தேய்க்கிறது என்பதில் ஐயமில்லை. பெரியவர் வீட்டு ரம்பத்தின் தகடு அகலம் குறைந்ததும் அதனால்தான். ஆனால் ரம்பத்துக்கு அந்தத் தேய்வுதான் ஆயுள். ஒவ்வொரு முறையும் மயிரிழையளவு எஃகைக் கொடுத்து அது இன்னொரு பருவம் உழைக்கும் உரிமையைப் பெறுகிறது. தேயாமல் இருக்க வேண்டும் என்று கடினமாக்கப்பட்ட ரம்பமோ ஒரே வாழ்வோடு முடிகிறது.

பொருள்களைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. கைப்பேசியின் மின்கலத்தை மாற்ற முடியாதபடி ஒட்டி மூடுவது சரியா, டிராக்டரைச் செப்பனிட விவசாயிக்கு அனுமதி உண்டா என்று வழக்குகளும் சட்டங்களும் எழுகின்றன. உரிமை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் உரிமை கிடைத்த பிறகு அதைப் பயன்படுத்தும் கை வேண்டும். சங்கிலி ரம்பத்தின் பல்லைத் தீட்ட யாரும் தடை விதிக்கவில்லை. அரமும் எளிதில் கிடைக்கிறது. இருந்தும் புதிய சங்கிலிக்கே நம் விரல் போகிறது. பூட்டு கருவியில் மட்டும் இல்லை, நம் பழக்கத்திலும் இருக்கிறது.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், மருமகன் அந்த மேப்பிள் கிளையின் கடைசித் துண்டுகளை அறுத்தார். நடுவில் ரம்பம் மாவு கொட்டத் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே நிறுத்தினார். மின்கலத்தைக் கழற்றினார். கையுறை அணிந்து, ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்கினார். பெரியவரின் இருபது நிமிடம் அவருக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஒரு பக்கத்துப் பற்களைச் சற்று அதிகம் தேய்த்துவிட்டார். ரம்பம் இலேசாக ஒருபுறம் இழுத்தது. அடுத்த முறை சரியாகிவிடும் என்று வேலியோரத்திலிருந்து பெரியவர் கையசைத்தார். புதிய சங்கிலி அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது.